கையில் வரி ஓடும் ஏரோ ஜெர்சியும் சாக்ஸும்: இ.சி.ஆரில் இது யாருக்குப் பயன்படும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பொறுமையாகப் படித்துக்கொள்ளுங்கள். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (இ.சி.ஆர்.) தனியாக ஓட்டும்போது மணிக்கு 37, 38 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறவர் என்றால், காற்றெதிர்ப்பைக் குறைக்கும் என்று கையில் மேடான வரிகளோடு விற்கிற இந்த ஏரோ ஜெர்சியை வாங்கலாம், கொடுக்கிற காசுக்குத் தகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு 25, 28 வேகத்தில் மகாபலிபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர் என்றால் வேண்டாம். தையலும் துணியும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த வேகத்தில் அந்த வரிகளுக்கு வேலையே இல்லை. இதை விற்கிற யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பொருள் இதுதான். சாதாரண சைக்கிள் ஜெர்சி மாதிரி முன்னால் ஜிப், முதுகில் மூன்று பாக்கெட். கை மட்டும் முழங்கை வரை நீளமாக இறங்குகிறது, தோளிலிருந்து முழங்கை வரை மேல்கை முழுக்க மெல்லிய வரிகள் நெடுக்காக ஓடுகின்றன. விரலால் தடவினால் நன்றாகத் தெரியும், கார்டுராய் பேண்ட்டின் வரியைவிடச் சன்னமானது. மார்புப் பகுதி வழவழப்பு, முதுகில் வலைத்துணி. கூடவே வாங்கிய சாக்ஸிலும் கணுக்காலுக்கு மேலே இதே வரி. கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே வகைத் துணியில் பல பேர் தைத்து விற்கிறார்கள், நான் சொல்லப்போவது அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

கடையில் நடந்த பேச்சைச் சொன்னால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும்.

"அண்ணா, இது போட்டீங்கன்னா பதினஞ்சு வாட் மிச்சம். அட்டையிலயே போட்டிருக்கு பாருங்க."

"எந்த ஸ்பீடுல தம்பி?"

"எல்லா ஸ்பீடுலயும்தாண்ணா."

அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் என்று இருந்தது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமே இல்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த அட்டையை அச்சடித்தவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம். வாட் என்பது நாம் மிதிக்கிற சக்தியின் அளவு. காற்றை எதிர்த்து ஓட்டத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 45ல் 15 வாட் மிச்சம் என்றால் 30ல் அது நாலரை வாட்டைக்கூடத் தொடாது. அதுவும் வரிகள் 30லும் அதே மாதிரி வேலை செய்தால்தான். செய்யுமா என்பதுதான் இதில் இருக்கிற உண்மையான விஷயம்.

சமதள ரோட்டில் 40ல் போகும்போது நாம் மிதிப்பதில் பெரும்பகுதி, எண்பது சதவீதத்துக்கு மேல், காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. அந்தக் காற்றெதிர்ப்பிலும் காற்று தோலில் உரசுவதால் வருவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நமக்குப் பின்னால் உருவாகிற தாழ்ந்த அழுத்தம் நம்மைப் பின்னுக்கு இழுப்பதால் வருவது. மேல்கையை ஒரு உருளை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் மோதுகிற காற்று இரண்டு பக்கமும் பிரிந்து தோலை ஒட்டியே கொஞ்ச தூரம் வரும். கையின் அகலமான இடத்தைத் தாண்டி வளைந்து பின்பக்கம் போக வேண்டிய நேரத்தில் அதனால் ஒட்டிக்கொண்டிருக்க முடியாமல் பிய்த்துக்கொண்டு வெளியே போய்விடும். பின்னால் ஒரு அகலமான சுழல் பகுதி உருவாகும். முட்டுக்காடு பாலத்துக்குக் கீழே தண்ணீர் வேகமாக ஓடும் நாளில் தூணுக்குப் பின்னால் பாருங்கள், அதே மாதிரி. அந்தச் சுழல் எவ்வளவு அகலமோ அவ்வளவு இழுப்பு.

தோலை ஒட்டி வருகிற அந்த மெல்லிய காற்றுப் படலத்துக்கு எல்லை அடுக்கு என்று பெயர். அது சீராக, அலுங்காமல் வந்தால் சீக்கிரம் பிரிந்துவிடும், உருளையின் முன்முனையிலிருந்து ஏறக்குறைய 80 டிகிரியிலேயே. அதையே கொஞ்சம் கலக்கிவிட்டால், வெளியே வேகமாகப் போகிற காற்றின் சக்தி உள்ளே தோல் வரைக்கும் வந்து சேரும், அந்தத் தெம்பில் அது 120 டிகிரி பக்கம் வரை ஒட்டிக்கொண்டே போய் அப்புறம்தான் பிரியும். சுழல் குறுகும், இழுப்பு குறையும். வரிகள் செய்கிற வேலை இவ்வளவுதான், காற்றைக் கலக்கிவிடுவது. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், வழவழப்பாக இருந்தால்தானே காற்று நழுவும் என்று தோன்றும். உடம்பு மாதிரி மொத்தையான வடிவத்துக்கு அது பொருந்தாது.

இது புது விஷயமும் இல்லை. பாரிஸில் கோபுரம் கட்டிய அதே குஸ்தாவ் ஈஃபிள் 1912ல் பந்துகளைக் காற்றில் வைத்து அளந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் எதிர்ப்பு திடீரென்று சரிவதைக் கண்டார். 1914ல் ஜெர்மனியில் லுட்விக் பிராண்டல் ஒரு பந்தின் முன்பக்கத்தில் மெல்லிய கம்பி வளையத்தை மாட்டி, அந்தச் சரிவைக் குறைந்த வேகத்திலேயே வரவழைத்துக் காட்டினார். ஒரு வடிவம் காற்றில் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டுகிற எண்ணான எதிர்ப்புக் கெழு, பந்துக்கு 0.5 பக்கத்திலிருந்து 0.2க்கும் கீழே போகும், வழவழப்பான உருளைக்கு 1.2லிருந்து 0.3 அளவுக்குப் போகும். கோல்ஃப் பந்தில் இருக்கிற குழிகளும் இதற்காகத்தான். பழைய பந்து அடிபட்டுக் கீறல் விழுந்த பிறகு தூரமாகப் போவதை முதலில் ஆட்டக்காரர்களே கவனித்தார்கள், 1905ல் வில்லியம் டெய்லர் குழி போட்ட பந்துக்குக் காப்புரிமை எடுத்தார்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், சேப்பாக்கத்தில் புதுப் பந்து ஸ்விங் ஆவதைப் பார்த்தவர்கள் நாம். தையலைச் சாய்த்துப் பிடித்துப் போட்டால் தையல் இருக்கிற பக்கத்தில் காற்று கலங்கி அதிக தூரம் ஒட்டி வரும், பளபளப்பான பக்கத்தில் முன்னாலேயே பிரிந்துவிடும், பந்து தையல் பக்கம் போகும். இதில் கவனிக்க வேண்டியது வேகம். மணிக்கு 110 கிலோமீட்டர் பக்கம் போடுகிற மீடியம் பேஸருக்குத்தான் இந்த வகை ஸ்விங் நன்றாகக் கிடைக்கும். அதைவிட ரொம்ப வேகமாகப் போட்டால் பளபளப்புப் பக்கத்திலும் காற்று தானாகவே கலங்க ஆரம்பித்துவிடும், வித்தியாசம் போய்விடும். அதாவது எந்தச் சொரசொரப்புக்கும் அது வேலை செய்கிற வேக எல்லை ஒன்று உண்டு. பொருளின் பருமன், வேகம், வரியின் உயரம், மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும்.

கிரிக்கெட் பந்து 7.2 சென்டிமீட்டர், நம் மேல்கை ஒன்பது பத்து சென்டிமீட்டர், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வேகம் அதில் மூன்றில் ஒரு பங்கு. பருமனையும் வேகத்தையும் காற்றின் பிசுக்குத்தன்மையையும் வைத்துக் கணக்கிடுகிற ரேனால்ட்ஸ் எண், 40ல் ஓட்டும்போது மேல்கைக்கு 60,000 சொச்சம்தான் வருகிறது. வழவழப்பான உருளையில் எதிர்ப்பு தானாகச் சரிய வேண்டுமானால் அந்த எண் இரண்டு மூன்று லட்சம் வரை போக வேண்டும், சைக்கிளில் அது நடக்காது. அதனால்தான் வரி வேண்டியிருக்கிறது. 30ல் அந்த எண் 50,000க்கும் கீழே இறங்கிவிடுகிறது, அந்த இடத்தில் காற்றைக் கலக்க இன்னும் தடித்த வரி தேவை. சரி, தடித்த வரியே போடலாமே என்றால், வரி தடிக்கத் தடிக்கக் குறைந்த வேகத்திலேயே வேலை ஆரம்பிக்கும், ஆனால் கிடைக்கிற லாபம் சிறுத்துவிடும், வேகம் ஏறினால் அந்தச் சொரசொரப்பே சுமையாகிவிடும். ஆகவே எல்லா வேகத்துக்குமான துணி என்று ஒன்று இருக்க முடியாது. நல்ல கம்பெனி என்றால் எந்த வேகத்துக்காகத் துணியைத் தேர்ந்தெடுத்தோம் என்று அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

இப்போது ரோட்டு அனுபவம். மிதிக்கிற சக்தியை வாட்டில் காட்டுகிற பவர் மீட்டர் இருக்கிற சைக்கிளில், விடியற்காலையில் காற்று அசையாத நேரமாகப் பார்த்து, உத்தண்டி டோல் தாண்டிய பகுதியில் ஒரே தூரத்தைப் போகவும் வரவும் ஓட்டினேன். ஒருமுறை சாதாரண ஜெர்சி, ஒருமுறை இது, அதே டயர் அழுத்தம், அதே ஹெல்மெட், கை வைக்கிற இடமும் அதே. இந்த மாதிரிச் சோதனையில் பெரிய எதிரி பஸ்ஸும் லாரியும்தான், பக்கத்தில் ஒரு புதுச்சேரி பஸ் கடந்து போனாலே அது இழுத்துக்கொண்டு போகிற காற்றில் அந்தச் சுற்றின் கணக்கு கெட்டுவிடும். அப்படிப்பட்ட சுற்றுகளைத் தள்ளிவிட்டுப் பார்த்ததில், 40 பக்கத்தில் வித்தியாசம் தெரிந்தது. அட்டையில் சொன்ன அளவுக்குக் கிட்டேகூட வரவில்லை, சில வாட்கள்தான், ஆனால் திரும்பத் திரும்ப ஒரே திசையில் வந்தது. 30ல் ஒன்றுமே பிடிபடவில்லை. அந்த வேகத்தில் சோதனையின் தடுமாற்றமே லாபத்தைவிடப் பெரிது.

ஏன் சில வாட் மட்டும் என்றால், மேல்கை நம் உடம்பில் எவ்வளவு பாகம்? கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியை, அதாவது டிராப் பாரைப் பிடித்துக் குனிந்து ஓட்டுகிற ஒருவரின் மொத்தக் காற்றெதிர்ப்புப் பரப்பை, சிடிஏ என்கிறார்களே அதை, 0.32 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நம்ம ஊர் வெயில் காற்றில் 40ல் அதற்கு 250 வாட் தேவை, 30ல் 105 வாட்தான். உடம்பின் எதிர்ப்பில் பெரும்பகுதி முண்டம், தலை, இடுப்பு, தொடையிலிருந்து வருகிறது. கையில் ஒரு பங்கு மிச்சப்படுத்தினாலும் மொத்தத்தில் அது ஒன்றிரண்டு சதவீதம்தான். இதைவிட முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தினால் அதிகம் கிடைக்கும், அதற்குக் காசும் வேண்டாம். புதிதாக ஓட்ட வருகிற தம்பிகள் தங்கைகள் தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள்.

ஆனால் ஒரு இடத்தில் இந்த ஜெர்சி நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக உழைத்தது, அது எதிர்க்காற்று. காற்றுக்குத் தெரிவது நம் ஸ்பீடோமீட்டர் இல்லை, அதன் மேல் நாம் எவ்வளவு வேகமாக மோதுகிறோம் என்பதுதான். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்று அடிக்கும்போது கோவளத்திலிருந்து திருவான்மியூர் நோக்கித் திரும்பினால், 28ல் ஓட்டினாலும் முகத்தில் அடிக்கிற காற்று 40ஐத் தாண்டிவிடும். அப்போது வரிகள் தங்கள் வேக எல்லைக்குள் வந்துவிடுகின்றன. தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் மகாபலிபுரம் நோக்கிப் போகும்போதும் இதேதான். பக்கவாட்டில் அடிக்கிற மத்தியானக் கடற்காற்றில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, சைக்கிளை நேராகப் பிடிப்பதே அந்த நேரத்தில் வேலையாக இருந்தது.

கும்பலாக ஓட்டுகிறவர்கள் கவனிக்க: முன்னால் நாலு பேர் போகும்போது உங்களுக்கு வருவது ஏற்கெனவே கலங்கிய, வேகம் குறைந்த காற்று. அதை இன்னொரு முறை கலக்க வரி தேவையில்லை. முன்னால் வந்து இழுக்கிற முறை வரும்போது மட்டும்தான் பயன். பிரெவே என்கிற, கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம் ஓட்டுகிறவர்களுக்கும் இதேதான், 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம் கெடு இருக்கிற ஓட்டத்தில் வசதியான ஜெர்சியும் நல்ல பாக்கெட்டும்தான் முக்கியம்.

அளவு விஷயத்தில் கறாராக இருங்கள். இந்த ஜெர்சி வேலை செய்வதும் செய்யாததும் பாதி அதில்தான் இருக்கிறது. வரி, காற்று பிரிகிற இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், அதாவது கையின் முன்பக்கமும் பக்கவாட்டும். கை லூசாக இருந்து துணி சுழன்றுவிட்டால் நடுத்தையல் முன்னால் வந்துவிடும். அதைவிட மோசம், லூசான துணி காற்றில் படபடவென்று அடித்தால் வரி மிச்சப்படுத்துவதைவிட அந்தப் படபடப்பு அதிகம் தின்னும். ஐரோப்பிய அளவில் தைத்திருந்தால் நம்மில் பலருக்கு உடம்பு சரியாகவும் கை தொளதொளவென்றும் இருக்கும். கடையில் நேராக நின்று பார்க்காதீர்கள், சைக்கிளில் உட்காருகிற மாதிரிக் குனிந்து கையை நீட்டிப் பாருங்கள், எங்கேயாவது சுருக்கம் விழுந்தால் ஒரு அளவு கீழே போங்கள். நின்றால் இறுக்கமாக, அசௌகரியமாகத்தான் இருக்கும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் எந்தத் துணிக்கும் விமர்சனம் எழுத முடியாது. முழங்கை வரை கை நீண்டிருப்பதால் வெயில் படாது, அது நல்லது. ஆனால் வரித்துணி இரட்டை அடுக்கு, வியர்வையை வாங்கிக் கனத்துப்போகிறது, ஏப்ரல் மே மாதங்களில் எட்டு மணிக்கு மேல் ஓட்டினால் அக்குள் பக்கம் வேர்க்குரு வந்தது. முதுகில் இருக்கிற வலைத்துணி மட்டும்தான் காய்கிறது. துவைப்பதிலும் கவனம் வேண்டும். திருவான்மியூர், பாலவாக்கம் பக்கம் போர் தண்ணீர் உப்பு, அதில் அலசிக் காயவைத்தால் துணி விறைத்து வரி மடங்கி நிற்கிறது. கடைசி அலசலை மெட்ரோ வாட்டரில் செய்யுங்கள், நிழலில் காயப் போடுங்கள், பிழியாதீர்கள். எனக்கு வந்த ஜெர்சியில் இடது கையின் உள்தையல் சீக்கிரமே விட்டுப்போனது. கம்பெனிக்கு எழுதினால் பதில் வரத் தாமதமானது, பிறகு தெரிந்த தையல்காரரிடம் கொடுத்து ஓவர்லாக் போட்டுக்கொண்டேன். இந்த விலைக்கு அது நடந்திருக்கக் கூடாது.

சாக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ஜெர்சியைவிட அதுதான் பிடித்திருந்தது. கணுக்காலும் கெண்டைக்காலும் கிட்டத்தட்ட உருளை, காற்றுக்குக் குறுக்கே நிற்கின்றன, இந்த உத்திக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உடம்பில் இல்லை. கூடவே கால் சுழல்வதால் அதன் வேகம் ஏறி இறங்குகிறது. 172.5 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடலை மாட்டியிருக்கிற தண்டு) நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் பாதம் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, சுற்றின் மேல்முனையைக் கடக்கும்போது அது உங்கள் வேகத்தோடு கூடும், கீழ்முனையைக் கடக்கும்போது கழியும். 36ல் ஓட்டுகிறவரின் பாதத்துக்கு மேலே 42, கீழே 30. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியாவது வரி வேலை செய்கிற வேகத்தில் இருக்கும். விலையும் ஜெர்சியில் கால்பங்குகூட இல்லை. காலில் ஏற்றுவதுதான் பாடு, ஈரக் காலில் ஏறவே ஏறாது, மேல்விளிம்பில் இருக்கிற சிலிக்கான் பட்டை முடியைப் பிடித்து இழுக்கும்.

போட்டிக்குப் போகிறவர்கள் விதியைப் பாருங்கள். உலக சைக்கிள் பந்தய அமைப்பான யு.சி.ஐ.யின் விதிப்படி துணியின் சொரசொரப்பு 1 மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளமாக இருக்கக் கூடாது, சாக்ஸ் கணுக்கால் எலும்புக்கும் முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பின் தலைக்கும் நடுப்பாதியைத் தாண்டக் கூடாது. இந்த விதிகள் சும்மா வரவில்லை. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் டச்சு பனிச்சறுக்கு வேக ஓட்டக்காரர்கள் தொப்பியிலும் காலிலும் வளைந்து நெளிந்த பட்டைகளை ஒட்டிக்கொண்டு இறங்கினார்கள். 2017 டூர் டி பிரான்ஸின் முதல் நாள் டைம் டிரையலில் (ஒவ்வொருவராகத் தனியே நேரத்தோடு போட்டி போடுகிற ஓட்டம்) ஸ்கை அணியினர் கையிலும் தோளிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் எழும்பிய உடையில் ஓட்டி, கெரெய்ன்ட் தாமஸ் ஜெயித்தார், மற்ற அணிகள் அந்த உடையைப் பற்றிப் புகார் கிளப்பின. என் சாக்ஸின் வரி அளவுக்குள்தான் இருக்கிறது, உயரம்தான் என் குட்டைக் காலுக்கு விதியைத் தாண்டுகிறது, போட்டி நாளில் மடித்து விடுகிறேன்.

ஒரு நண்பர் கேட்டார், இது இவ்வளவு நல்லதென்றால் ஏன் காருக்கெல்லாம் குழி போடுவதில்லை என்று. கார் பெரியது, வேகமானது, அதன் மேல் ஓடுகிற காற்று ஏற்கெனவே கலங்கித்தான் இருக்கிறது, பின்பக்கம் கூர்மையாக வெட்டியிருப்பதால் காற்று எங்கே பிரிய வேண்டும் என்பதையும் அந்த விளிம்பே முடிவு செய்துவிடுகிறது. குழியால் அங்கே ஆகப்போவது கம்மி. கை கால் மாதிரி உருண்டையான, சின்ன, மெதுவாகப் போகிற பொருளுக்குத்தான் இது பெரிய உதவி.

இந்தத் துணியைப் பின்னுகிற மெஷின்கள் திருப்பூரில் இருக்கின்றன. காற்றை ஊதி எதிர்ப்பை அளக்கிற காற்றுச் சுரங்கம் கிண்டியில் ஐ.ஐ.டி.யில் இருக்கிறது, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இருக்கிறது. நம்ம ஊர் வேகத்துக்கு, 28லிருந்து 36 வரைக்கும், எந்த உயர வரி சரியாக வரும் என்று அளந்து ஒரு ஜெர்சி தைத்தால் சனி, ஞாயிறு காலையில் இ.சி.ஆரில் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அது உண்மையிலேயே பயன்படும், அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன். அதுவரைக்கும் வேகமாக ஓட்டுகிறவர்கள் சாக்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். ஜெர்சியை வாங்குவதென்றால் மாற்றிக் கொடுக்கிற கடையாகப் பார்த்து, ஒரு அளவு சின்னதையும் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.